மகமை முதல் போனஸ் பங்கு வரை: விருதுநகர் வட்டாரத்தின் கணக்குப் பாடம்

வணிகவியல் படிக்கும் நண்பர்களுக்கு முதலில் ஒரு கேள்வி. நம் பாடப்புத்தகக் கணக்குகளில் அடிக்கடி வருவாரே திரு. இராமன், "ரூ.50,000 முதலிட்டுத் தொழில் தொடங்கினார்" என்று! அந்த ஐம்பதாயிரம் அவருக்கு எங்கிருந்து வந்தது? அப்பா கொடுத்தாரா, நகையை அடகு வைத்தாரா, வட்டிக்கு வாங்கினாரா? புத்தகம் வாயைத் திறக்காது. ரொக்கக் கணக்கு பற்று, முதல் கணக்கு வரவு என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். :-)

வரலாற்றைப் படிக்கிறவர்கள் அப்படிப் போய்விட முடியாது. முதல் எங்கிருந்து வந்தது என்பதுதான் அங்கே முதல் கேள்வி. அதற்கு விடை தேட நம் தமிழ்நாட்டில் விருதுநகர், சிவகாசி வட்டாரத்தை விடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். வற்றாத ஆறு பாயாத ஊர், கரிசல் மண், வானம் பார்த்த விவசாயம். ஆனாலும் மளிகைச் சந்தை, தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம், வங்கி எல்லாம் அங்கே முளைத்தன. அந்தக் கதையை நாம் வகுப்பில் படிக்கும் கணக்குகளாகவே போட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. ஒவ்வொரு கணக்கிலும் மூன்று கேள்விகளைக் கேட்போம். இது யாருடைய பணம்? எப்போது கைக்கு வரும்? நஷ்டம் வந்தால் யார் சுமப்பது?

ஒரு சின்ன எச்சரிக்கை. வரலாற்றுச் செய்திகளுக்கு ஆண்டு கொடுத்திருக்கிறேன். "வைத்துக்கொள்வோம்" என்று தொடங்கும் எண்கள் எல்லாம் கணக்குக்காக நானே போட்டவை.

முதல் கணக்கு: மகமை

19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வடக்கே வந்த நாடார் வணிகர்கள், அன்றைய ராமநாதபுரம் வட்டாரத்தில் ஆறு ஊர்களில் வலுவாகக் காலூன்றினார்கள். சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகியவை அந்த ஆறு ஊர்கள். (விருதுபட்டி என்ற பெயர் விருதுநகர் என்று மாறியது 1923-ல்.) மாட்டுவண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு வழியில் கள்ளர் பயம் உண்டு. அதனால் வண்டியும் சரக்கும் இரவு தங்கச் சுற்றுச்சுவரோடு கூடிய பேட்டைகளை அமைத்தார்கள். பேட்டைக்குள் வருகிற சரக்குக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை கட்ட வேண்டும். இதிலிருந்து வளர்ந்ததுதான் மகமை. அந்தப் பணத்தை நிர்வகித்தது உறவின்முறை. கிணறு, கோயில், சத்திரம், வழக்குச் செலவு, பள்ளிக்கூடம் என்று எல்லாம் அந்தப் பணத்தில் நடந்தது. காமராசர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை இப்படி உருவான பள்ளிதான். மகமையோடு சேர்த்து, வீட்டுக்கு வீடு அடுப்பில் உலை வைக்கும்போது எடுத்துவைத்த பிடியரிசியும் அந்தப் பள்ளியைத் தாங்கியது.

இப்போது கணக்குக்கு வருவோம். நூறு ரூபாய் விற்பனைக்குக் கால் ரூபாய் மகமை என்று வைத்துக்கொள்வோம். மூன்று வியாபாரிகள். மூவருக்கும் விற்பனை ஒரு லட்ச ரூபாய். முதலாமவருக்கு மகமை கட்டுவதற்கு முன் லாபம் 5,000. இரண்டாமவருக்கு லாபம் 1,000. மூன்றாமவருக்கு 500 ரூபாய் நஷ்டம்.

மூவரும் கட்ட வேண்டியது ஒரே தொகை, 250 ரூபாய். முதலாமவருக்கு அது லாபத்தில் 5 விழுக்காடு. இரண்டாமவருக்கு 25 விழுக்காடு. மூன்றாமவருக்கோ நஷ்டம் 750 ஆகிறது.

"இது அநியாயம், லாபத்தில்தானே வாங்க வேண்டும்?" என்று இன்றைய மாணவன் கேட்பான். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் காலத்துச் சந்தையில் போய் நின்று யோசித்துப் பாருங்கள். ஒரு வியாபாரியின் லாபம் அவருக்கும் அவர் சிட்டைக்கும் மட்டுமே தெரியும். மூடை எத்தனை வந்தது, எத்தனை போனது என்பது பேட்டையில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். யாரும் மறைக்க முடியாத ஒன்றை அளவாக வைத்தால் தணிக்கையாளர் தேவையில்லை, சண்டையும் வராது. அரசாங்கங்கள் விற்பனை மீது வரி போடுவதிலும் இந்தத் தர்க்கம் இருக்கிறது.

பாடமொழியில் சொன்னால், மகமை "லாபத்தின் மீதான சுமை". அது "லாபப் பகிர்வு" அல்ல. லாபம் வந்த பிறகு மனமிருந்தால் கொடுக்கிற நன்கொடை பகிர்வு. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டியது சுமை. அதனால்தான் பஞ்ச காலத்திலும் மகமை முழுவதுமாக வற்றவில்லை. சரக்கு நகர்கிற வரை பணம் வந்துகொண்டிருந்தது.

சரி, அந்த 250 ரூபாய் யாருடைய பணம்? வியாபாரியின் பெட்டியில் இருந்தாலும் அது அவருடையது அல்ல. பேரேட்டில் மகமைக்கு ஒரு தனிப் பக்கம் இருக்கும். அந்தக் கணக்கில் வரவு வைத்தால் அவர் பொதுநிதிக்குக் கடன்பட்டவர். வட இந்திய வணிகர்களிடம் இதே போல "தர்மாதா" என்று ஒரு வழக்கம் உண்டு. பில்லிலேயே தருமத்துக்கு என்று சில காசுகள் சேர்த்து வாங்குவார்கள். அது வியாபாரியின் வருமானமா, அதற்கு வருமான வரி உண்டா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பிஜ்லி காட்டன் மில்ஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது. தருமத்துக்கு என்று வாங்கிய பணம் தருமத்துக்கே கடமைப்பட்டது, வியாபார வருமானம் ஆகாது என்றது நீதிமன்றம். பேட்டையில் பழக்கமாக இருந்த ஒரு வேறுபாட்டுக்குச் சட்டம் பின்னாளில் கொடுத்த விளக்கம் என்று இதைச் சொல்லலாம்.

மகமைக்கு ஒரு வரம்பும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அது ஒரு சாதிக்குள் நடந்த கூட்டு. வெளியிலிருந்த ஏழைக்கு அதில் பங்கில்லை. அதே நேரத்தில் 1899-ல் சிவகாசியில் நடந்த கலவரத்தை நினைத்தால், தாக்குதலுக்கு ஆளான ஒரு சமூகத்துக்குப் பொதுநிதி எவ்வளவு பெரிய காப்பீடாக இருந்திருக்கும் என்பதும் புரியும். நஷ்டத்தை எல்லோரும் சேர்ந்து சுமந்தார்கள்.

இரண்டாம் கணக்கு: மகமைக்கும் பங்குக்கும் உள்ள வித்தியாசம்

மகமையால் பள்ளி கட்டலாம். ஆனால் ஒரு வியாபாரிக்கு ஆறு மாதக் கடன் வேண்டுமென்றால்? பொதுநிதி அதற்குப் போதாது. 1910-ல் தொடங்கிய நாடார் மகாஜன சங்கத்தின் ஆண்டு மாநாடு 1920-ல் தூத்துக்குடியில் நடந்தபோது வங்கி தொடங்கும் யோசனை எழுந்தது. 1913ஆம் ஆண்டு இந்தியக் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் 1921 மே மாதத்தில் நாடார் வங்கி பதிவானது. நவம்பரில் தூத்துக்குடியில் கதவைத் திறந்தது. 1937-ல் கொழும்பில் ஒரு கிளை திறந்து 1939-ல் மூடினார்கள். 1947-ல் அந்த வங்கிக்கு இருந்தவை நான்கே கிளைகள்: தூத்துக்குடி, மதுரை, சிவகாசி, விருதுநகர். நான்கில் இரண்டு நம் கதை நடக்கிற ஊர்கள்! 1962-ல் பெயர் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி என்று மாறியது.

மகமையில் யாருக்கும் பங்கு கிடையாது. கட்டினால் கட்டியதுதான். அதை விற்க முடியாது, அடகு வைக்க முடியாது. கம்பெனி அப்படியில்லை. கம்பெனி சட்டத்தின் கண்ணில் தனி ஆள். பங்குதாரரிடம் இருப்பது ஒரு காகிதம், அதை அவர் விற்கலாம். வங்கி எங்கள் ஊருடையது என்று ஊரே நினைக்கலாம். ஆனால் அந்தக் காகிதம் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் சட்டம் கேட்கும்.

1990களின் நடுவில் இந்த வித்தியாசம் கசப்பாக வெளிப்பட்டது. எஸ்ஸார் குழுமத்தின் ரூயா குடும்பத்தினர் வங்கியின் பங்குகளில் ஏறத்தாழ 67 விழுக்காட்டைத் திரட்டிவிட்டார்கள். அது எப்படி முடிந்தது?

வங்கியின் மொத்தப் பங்குகள் 2,84,454. முகமதிப்பு 10 ரூபாய். ஆக, செலுத்தப்பட்ட முதல் ரூ.28,44,540. ஆமாம், இருபத்தெட்டு லட்சம்தான், கோடி அல்ல! எழுபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த ஒரு வங்கியின் பங்கு முதல் இது. அதில் 67 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 1.9 லட்சம் பங்குகள். முகமதிப்பில் 19 லட்ச ரூபாய்.

உண்மையில் வாங்கியவர்கள் முகமதிப்புக்கு வாங்கவில்லை, அதைவிடப் பன்மடங்கு கொடுத்துத்தான் வாங்கினார்கள். இருந்தாலும் எண்ணிக்கை குறைவு என்பதுதான் முக்கியம். ஆண்டுதோறும் லாபத்தைப் பிரித்துக் கொடுக்காமல் காப்பு நிதியில் சேர்த்துக்கொண்டே வந்ததால் வங்கி பெருத்தது. பங்குகளின் எண்ணிக்கை மட்டும் அப்படியே நின்றது. காப்பு நிதி யாருடையது? பங்குதாரருடையது. எனவே சிறிய எண்ணிக்கையிலான காகிதங்களைக் கைப்பற்றியவர்கள் பெரிய காப்பு நிதியையும் சேர்த்தே கைப்பற்றுகிறார்கள். சிக்கனமாக நடத்திய நிர்வாகம் தன்னை அறியாமலேயே வெளியாருக்குக் கதவைத் திறந்துவைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு அந்தப் பங்குகள் தொழிலதிபர் சி. சிவசங்கரன் தரப்புக்குப் போயின. வங்கியை மீட்க வேண்டும் என்று சமூகத்தினர் நிதி திரட்டினார்கள், வழக்குகள் நடந்தன, பங்கு மாற்றம் பற்றிய சர்ச்சை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அந்த விவரங்களுக்குள் போனால் கட்டுரை முடியாது. நமக்கு வேண்டிய கணக்கு அதற்கடுத்து வருகிறது.

மூன்றாம் கணக்கு: ஒன்றுக்கு ஐநூறு

2016-ல் வங்கி போனஸ் பங்குகள் வழங்கியது. விகிதம் என்ன தெரியுமா? ஒரு பங்குக்கு 500! தேர்வில் இப்படி ஒரு வினா வந்தால் அச்சுப் பிழை என்றுதான் நினைப்போம்.

புதிய பங்குகள்: 2,84,454 × 500 = 14,22,27,000.
பழையதும் புதியதும் சேர்த்து: 14,25,11,454.
புதிய பங்குகளின் முகமதிப்பு: ரூ.142.23 கோடி (முழுமையாக்கியது).

பதிவு என்ன? காப்பு நிதி கணக்கு பற்று 142.23 கோடி. பங்கு முதல் கணக்கு வரவு 142.23 கோடி. அவ்வளவுதான். ஒரு ரூபாய்கூட உள்ளே வரவில்லை, வெளியே போகவில்லை. ஐந்தொகையின் மொத்தம் அசையவில்லை. ஒரு பையிலிருந்து எடுத்து அடுத்த பையில் போட்டுக்கொண்டது போல. போனஸ் பங்கு கிடைத்தால் பணக்காரர் ஆகிவிட்டோம் என்று நினைக்கிறவர்கள் இந்தப் பதிவை ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும்.

பிறகு எதற்காக இதைச் செய்கிறார்கள்? 28 லட்ச ரூபாய் முதலை வைத்துக்கொண்டு பங்குச் சந்தைக்குப் போக முடியாது. விற்க வேண்டுமானால் பங்குகள் போதிய எண்ணிக்கையில் இருக்க வேண்டும், ஒரு பங்கின் விலை சாதாரண மனிதருக்கு எட்ட வேண்டும். 2022 செப்டம்பரில் வங்கி பொது வெளியீட்டுக்கு வந்தது. 1.584 கோடி புதிய பங்குகள், ஒன்று 510 ரூபாய்.

திரட்டியது: 1.584 கோடி × 510 = ரூ.807.84 கோடி.
இதில் பங்கு முதல்: 1.584 கோடி × 10 = ரூ.15.84 கோடி.
பங்கு முனைமம்: 1.584 கோடி × 500 = ரூ.792 கோடி.

பழைய பங்கு ஒன்றை வைத்திருந்தவரின் நிலை என்ன? ஒன்று 501 ஆகிவிட்டது. 501 × 510 = ரூ.2,55,510. பத்து ரூபாய் முகமதிப்புக் காகிதம், வெளியீட்டு விலையில் இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. இது 2016-ல் பிறந்த பணம் அல்ல, 2022-ல் பிறந்ததும் அல்ல. 1921 முதல் பிரித்துக் கொடுக்காமல் விட்ட லாபம், கடனைத் தவறாமல் கட்டிய கடைக்காரர்கள், சின்னச் சின்ன டெபாசிட்டுகள் எல்லாம் சேர்ந்து காகிதத்தில் தெரிந்த கணம் அது. ஆனால் அதன் பலன் போனது, அந்த நாளில் பங்கு யார் பெயரில் இருந்ததோ அவர்களுக்குத்தான். மகமைக்கும் பங்குக்கும் உள்ள வித்தியாசம் இங்கே மறுபடியும் தெரிகிறது.

நான்காம் கணக்கு: தீபாவளி வரை காத்திருக்கும் பணம்

வங்கியை விட்டுவிட்டு, அதன் வாடிக்கையாளர்கள் இருந்த ஆலைகளுக்குப் போவோம். கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1922-ல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு உறவினர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டார்கள். திரும்பி வந்து 1923-ல் தொழிலைத் தொடங்கினார்கள். பிறகு தனித்தனியாகப் பிரிந்து, ஒருவர் அணில், மற்றவர் காக்கா என்ற முத்திரைகளால் ஊரறிந்தவர்கள் ஆனார்கள். அவர்கள் போட்டியிட வேண்டியிருந்தது சாதாரண ஆளோடு அல்ல. உலகத் தீப்பெட்டிச் சந்தையையே கையில் வைத்திருந்த சுவீடன் கம்பெனி அதே 1923-ல் இந்தியாவில் விம்கோவைத் தொடங்கியது. இயந்திரத்துக்கு எதிராகக் கைவேலை நின்றதற்கு ஒரு பெரிய காரணம் வரி. தீப்பெட்டிக்கு 1934-ல் கலால் வரி வந்தது. பிற்காலத்தில் கைத்தீப்பெட்டிக்கு இயந்திரத் தீப்பெட்டியைவிடக் குறைந்த வரி என்ற ஏற்பாடு நெடுங்காலம் இருந்தது. ஜி.எஸ்.டி. வந்த பிறகும் 5, 18 என்று அந்த இடைவெளி தொடர்ந்து, 2020 ஏப்ரலில்தான் இருவருக்கும் 12 விழுக்காடு என்று ஒன்றானது.

பட்டாசு அடுத்து வந்தது. 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்தன. உலகப் போரால் இறக்குமதி தடைப்பட்டது. 1942-ல் ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் தொடங்கியது. மழை குறைந்த, வெயில் காய்கிற பூமி பட்டாசு உலர்த்த வசதி. விவசாயத்துக்குச் சாபமாக இருந்தது இங்கே சாதகம் ஆயிற்று.

தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் கணக்கில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தீப்பெட்டி அன்றாடம் விற்கும். பட்டாசின் பெரும்பகுதி தீபாவளியை ஒட்டித்தான் விற்கும். உற்பத்தியோ ஆண்டு முழுவதும் நடக்கும். இதைத்தான் நாம் நடைமுறை முதல், ஒர்க்கிங் கேப்பிடல் என்று படிக்கிறோம்.

ஓர் ஆலை மாதம் 10 லட்ச ரூபாய் செலவில் பத்து மாதம் உற்பத்தி செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு ஒவ்வொரு மாதக் கடைசியிலும். பணம் முழுவதும் 12ஆம் மாதக் கடைசியில் வருகிறது. மொத்தச் செலவு 100 லட்சம். விற்பனை 112 லட்சம். லாபம் 12 லட்சம், சரிதானே? அவசரப்படாதீர்கள்.

முதல் மாதம் போட்ட 10 லட்சம் 11 மாதம் காத்திருக்கிறது. இரண்டாம் மாதத்தது 10 மாதம். இப்படியே பத்தாம் மாதத்தது 2 மாதம். 11 + 10 + 9 + ... + 2 = 65. மாத வட்டி ஒரு விழுக்காடு என்றால், 10 லட்சத்துக்கு மாதம் 10,000. 65 × 10,000 = 6.5 லட்சம். மீதி லாபம் 5.5 லட்சம்.

அதுவே வங்கிக் கடன் கிடைக்காமல் இரண்டு வட்டிக்கு வெளியில் வாங்கியவருக்கு? வட்டி 13 லட்சம். 12 லட்ச லாபம் போய் 1 லட்சம் நஷ்டம்! அதே சரக்கு, அதே தொழிலாளர், அதே விலை. ஒரே வித்தியாசம், பணம் யாரிடமிருந்து வந்தது என்பது. 1947-ல் நான்கே கிளைகள் இருந்த வங்கி அதில் ஒன்றைச் சிவகாசியில் வைத்திருந்ததன் அருமை இப்போது புரிகிறதா?

இன்னும் ஒரு படி. வெளியூர் ஏஜெண்ட் ஒருவர் மூன்றாம் மாதக் கடைசியிலேயே 30 லட்சம் முன்பணம் தருகிறார். பதிலுக்கு மொத்த விற்பனையில் 3 விழுக்காடு தள்ளுபடி கேட்கிறார், அதாவது 3.36 லட்சம். ஏற்கலாமா? 30 லட்சம் 9 மாதம் முன்னதாக வருகிறது. ஒரு வட்டிக்காரருக்கு மிச்சம் 2.7 லட்சம், எனவே வேண்டாம் என்பார். இரண்டு வட்டிக்காரருக்கு மிச்சம் 5.4 லட்சம், ஓடிப்போய் வாங்கிக்கொள்வார். ஆக, ஏற்கெனவே பலமுள்ளவர் முழு விலைக்கு விற்கிறார். பலமில்லாதவர் விலையைக் குறைத்து விற்று அதிலும் தப்பித்தோம் என்று மகிழ்கிறார்.

சிவகாசியில் அச்சுத் தொழில் வளர்ந்ததையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கத் தொடங்கியவர்கள் காலண்டருக்குப் போனார்கள். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள், புத்தாண்டுக்குள் விற்று முடியும். தீப்பெட்டி அன்றாடப் பணம், பட்டாசு தீபாவளிப் பணம், காலண்டர் புத்தாண்டுப் பணம். ஒரே ஊரில் மூன்று காலெண்ணிக்கையில் பணம் வந்ததால் ஊர் ஒரே அடியில் சாயவில்லை.

ஆனாலும் ஆலைக்கு ஆபத்து உண்டு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடுத்துத் தீர்ப்புச் சொன்னது. தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் சில மாதங்கள் மூடிக் கிடந்தன. கிட்டங்கியில் இருந்த சரக்கை என்ன விலைக்கு எழுதுவது? அடக்க விலை, நிகரத் தீர்வு மதிப்பு, இரண்டில் குறைந்தது என்று ஒரே வரியில் படித்திருக்கிறோம். விற்கவே கூடாத சரக்கின் தீர்வு மதிப்பு சுழி. அந்த ஒரு வரிக்குள் ஓர் ஆண்டு உழைப்பு கரைந்து போகும். மூடிய மாதங்களில் முதலாளிக்கு நஷ்டம் பேரேட்டில் ஏறியது. கூலி இல்லாமல் வீட்டில் இருந்தவர்களின் நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

ஐந்தாம் கணக்கு: பேரேட்டில் ஏறாத செலவு

இந்த இடத்துக்கு வரத்தான் இவ்வளவு நேரம் நடந்தோம்.

மருந்து வாங்கிய விலை, காகிதம், கூலி, வட்டி, லாரி வாடகை எல்லாம் அடக்கத்தில் சேரும். உயிராபத்து சேருமா? 1991 ஜூலையில் மீனம்பட்டி விபத்தில் குழந்தைகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2012 செப்டம்பரில், தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னால், முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். விபத்து ஒரு விதிவிலக்கு அல்ல, திரும்பத் திரும்ப வருகிற செலவு. திரும்பத் திரும்ப வருகிற செலவுக்கு ஒதுக்கு ஏற்படுத்த வேண்டும் என்றுதானே முன்யோசனைக் கருத்து சொல்கிறது?

தானாக நடக்காததை நீதிமன்றம் எண்ணாக எழுத வேண்டியிருந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-ல், சிவகாசித் தீப்பெட்டி ஆலைத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் 50,000 ரூபாய்க்குக் காப்பீடு, பிரீமியம் முதலாளி கட்ட வேண்டும் என்றது. 1996 டிசம்பரில், ஆபத்தான தொழிலில் வேலைக்கு வைக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குக் கட்ட வேண்டும் என்றது.

அந்த 20,000-ஐக் கணக்காகப் போடுவோம். பெரியவருக்குப் பதில் குழந்தையை வைத்தால் நாளுக்கு 20 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். 20,000 ÷ 20 = 1,000 நாள். ஆண்டுக்கு 250 வேலை நாள் என்றால் நான்கு ஆண்டுச் சேமிப்பு ஒரே அபராதத்தில் போய்விடும். யாரும் அந்த வேலைக்குப் போகமாட்டார்கள், இல்லையா?

ஆனால் பத்தில் ஒருவர்தான் பிடிபடுவார் என்றால்? எதிர்பார்க்கும் செலவு 2,000. நூறு நாளில் சரியாகிவிடும். அதன் பிறகு எல்லாம் லாபம். சட்டத்தில் எழுதிய தொகை ஒன்று, முதலாளியின் மனக்கணக்கில் ஏறும் தொகை வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஆய்வாளரின் வருகை. அபராதத்தை உயர்த்துவதைவிட ஆய்வை ஒழுங்காக நடத்துவது பலன் தரும் என்பதை இந்தச் சின்ன வகுத்தலே காட்டிவிடுகிறது. பள்ளிக்கூடம், சத்துணவு, கண்காணிப்பு எல்லாம் சேர்ந்து பெரிய ஆலைகளில் குழந்தைகளைக் காண்பது அரிதானது. ஆனால் பெரியவர்களுக்கான ஆபத்து போகவில்லை.

அச்சங்குளம் விபத்துக்குப் பிறகு வெளிவந்த செய்தி, ஒரே லைசென்ஸின் கீழ் அறைகள் பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தன என்பது. கணக்குப்பதிவியலில் இதற்கு என்ன பொருள்? லைசென்ஸ் வைத்திருப்பவரின் புத்தகத்தில் குத்தகை வருமானம் மட்டும் இருக்கும், விபத்துப் பொறுப்பு இருக்காது. குத்தகைக்கு எடுத்தவரிடம் இழப்பீடு கொடுக்க முதல் இருக்காது. நிகழ்வுறு பொறுப்பு இரண்டு புத்தகத்துக்கும் நடுவில் விழுந்துவிடும். தனித்தன்மைக் கருத்து என்று நாம் மனப்பாடம் செய்தது முதலை உரிமையாளரிடமிருந்து பிரித்துப் பார்ப்பதற்காக. பொறுப்பைத் தொலைப்பதற்கும் அதையே பயன்படுத்தலாம் என்று புத்தகம் சொல்லவில்லை.

மகமையை இப்போது நினைத்துப் பாருங்கள். நூறாண்டுக்கும் முன்னால், இதே வட்டாரத்தில், லாபம் வந்தாலும் வராவிட்டாலும் மூடைக்கு இவ்வளவு என்று எடுத்துவைத்தார்கள். பொதுக்காரியம் லாபத்துக்குப் பிறகு யோசிக்க வேண்டிய விஷயம் அல்ல, அடக்கத்திலேயே சேர வேண்டியது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தொழிலாளியின் உயிருக்கும் அதே முறையில், பெட்டிக்கு இவ்வளவு என்று வைப்பதில் கணக்கு ரீதியாக எந்தச் சிரமமும் இல்லை. பேட்டைக்குள் வந்த மூடையை எண்ணியது போல, ஆலையை விட்டு வெளியேறும் பெட்டியை எண்ணலாம். அதுவும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற ஒன்றுதான்.

உங்களுக்கு ஒரு கணக்கு

படித்ததோடு போகாமல் நோட்டை எடுத்து ஒன்று போட்டுப் பாருங்கள். ஓர் ஆலையில் 50 தொழிலாளர்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய் காப்பீட்டுப் பிரீமியம். ஆண்டு உற்பத்தி 10,000 பெட்டி. பெட்டிக்கு எவ்வளவு கூடும்? இதை லாபத்தின் மீதான சுமையாக எழுதுவீர்களா, லாபப் பகிர்வாக எழுதுவீர்களா? ஆலை மூடிக் கிடக்கிற மாதங்களில் யார் கட்டுவது?

எண்கள் என்னுடையவை, கற்பனை. உங்களுக்குத் தெரிந்த ஆலை ஏதாவது இருந்தால் அதன் உண்மையான எண்களைக் கேட்டுப் போடுங்கள். மகமை போல அதற்கும் பேரேட்டில் ஒரு தனிப் பக்கம் இருக்கிறதா என்று மறக்காமல் கேளுங்கள்.